ஊர் சுற்றும் உரிமை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

‘ஊர் சுற்றுகிறவன்’ என்பது நம் பக்கத்தில் ஒரு வசை. வேலைவெட்டி இல்லாதவன், பொறுப்பற்றவன், பெற்றோரை மறந்தவன் என்ற மூன்று குற்றச்சாட்டுகளும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். இந்த வசை இப்போது கடல் கடந்தும் போகிறது. ஐரோப்பாவில் படிக்கவோ பணிபுரியவோ சென்ற உறவினர் எவரேனும் சனி ஞாயிறுகளில் எடுத்த படத்தைக் குடும்பத்தாருக்கு அனுப்பிவிட்டால் போதும். “அவனுக்கென்ன, வாரம் ஒரு தேசம் சுற்றுகிறான், பெற்றவளை வந்து பார்க்கத்தான் நேரமில்லை” என்ற பேச்சு, பந்தியில் இலை எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இந்தப் பேச்சு நியாயமற்றது என்பது என் கருத்து. நம் கல்லூரி மாணவர் சிலரும் இன்று மேற்படிப்புக்கு ஐரோப்பா செல்லும் கனவில் இருக்கிறார்கள். ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவருள் அண்மை ஆண்டுகளில் முதலிடம் இந்தியருக்கே. ஆகவே இது எங்கோ இருக்கும் எவரைப் பற்றியோ பேசும் வம்பன்று. நாளை நம்மைப் பற்றியும் இதே பந்தியில் பேசுவார்கள்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் பெரியப்பா மகன் கொலோன் நகருக்கு அருகில் பணிபுரிகிறார். சென்ற ஐப்பசியில் எங்கள் அப்பாயி ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனது. புதன்கிழமை எடுத்துவிட்டோம். அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் அண்ணன் ரைன் ஆற்றங்கரையில், அந்தப் பெரிய தேவாலயம் பின்னால் தெரிய, நண்பர்களோடு நின்று எடுத்த படம் வந்திருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் அந்தப் படம் கை மாறிக் கை மாறிப் பந்தல் முழுவதும் சுற்றியது. ஆற்றங்கரையில் நிற்க முடிந்தவனுக்கு அப்பாயியைத் தூக்க வர முடியவில்லையா என்று கேட்டார்கள். பெரியப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

கேட்டவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஜெர்மனியில் பேருந்து, நகர ரயில், வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாதச் சீட்டு உண்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய அது 2026இல் 63 யூரோ ஆகியிருக்கிறது. வேலைக்குப் போய்வர எப்படியும் அதை வாங்கியாக வேண்டும். வாங்கியவர் சனிக்கிழமை பக்கத்து நகரத்துக்குப் போனால் மேற்கொண்டு ஒரு காசு செலவில்லை. நம் ஊருக்கு உடனே புறப்பட வேண்டுமென்றால், அன்றைய விலைக்கு விமானச் சீட்டு என் அப்பாவின் பல மாதக் கூலிக்குச் சமம். சீட்டு கிடைத்தாலும் சென்னை வந்து இறங்கி, அங்கிருந்து ஊர் வந்து சேர்வதற்குள் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும். எங்கள் ஊரில் பிணத்தை அவ்வளவு நேரம் வைப்பதில்லை. ஆற்றங்கரைக்குப் போவதும் அப்பாயியிடம் வருவதும் ஒரே வகைப் பயணங்கள் அல்ல. ஒன்றைச் செய்தவன் மற்றொன்றையும் செய்திருக்கலாம் என்பது, மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவன் விமானமும் ஓட்டலாம் என்பது போல.

அந்தச் சனி ஞாயிறே முதலில் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் சுகவாசி, ஆகவே இரண்டு நாள் ஓய்வெடுக்கிறான் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் எழுதப்பட்ட வெய்மர் அரசியலமைப்பின் 139ஆம் பிரிவு, ஞாயிற்றுக்கிழமையை உழைப்பிலிருந்து ஓயும் நாளாகவும் உள்ளம் உயரும் நாளாகவும் சட்டப்படி காப்பதாகக் கூறியது. ஹிட்லர் ஆட்சி வந்து ஒழிந்த பிறகு 1949இல் எழுதப்பட்ட அடிப்படைச் சட்டமும் அப்பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் விதி செய்தபோது, தேவாலயங்கள் வழக்குத் தொடுக்க, 2009 டிசம்பர் 1ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றது. சனிக்கிழமையோ தொழிலாளர் கேட்டு வாங்கியது. 1956 மே தினத்துக்கு ஜெர்மன் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வெளியிட்ட சுவரொட்டியில் ஒரு சிறுவன் நிற்கிறான்; சனிக்கிழமை என் அப்பா எனக்குத்தான் என்கிறான். வேலைநேரத்தைக் குறைக்கச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களால் முடியாததை அந்தச் சிறுவன் செய்தான் என்றே நினைக்கிறேன்.

நாள் கிடைத்தது. ஆனால் உறவு உடன் இல்லாதவனுக்கு அந்த நாள் வரமா சாபமா என்பது வேறு கேள்வி. ஞாயிறன்று ரயில் நிலையக் கடைகள், ரொட்டிக்கடைகள், பெட்ரோல் நிலையங்கள் போன்ற சில நீங்கலாக எல்லாம் அடைத்துக் கிடக்கும். சுவரில் ஆணி துளைக்கக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் அமைதி கெடும். குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். வெள்ளி இரவு அறைக்கதவைச் சாத்தினால் திங்கள் காலை வரை தமிழில் ஒரு சொல் பேச ஆள் இல்லாமல் இருந்திருக்கிறேன் என்று அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார். கூட்டுக் குடும்பத்தில், ஒரே திண்ணையில் ஏழு பேர் படுத்து வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படி இருக்கும்? அவர் ரயில் ஏறாமல் என்ன செய்வார்?

இதை அவருக்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வேறு சிலர் பட்டுத் தீர்த்திருக்கிறார்கள். மேற்கு ஜெர்மனி தன் ஆலைகளுக்கு ஆள் போதாமல் 1955இல் இத்தாலியோடும் 1961 அக்டோபர் 30ஆம் நாள் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. ‘விருந்தாளித் தொழிலாளர்’ என்று அவர்களுக்குப் பெயர். விருந்தாளிக்கு வேலை கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதுமையாகத்தான் இருக்கிறது. அவர்கள் வந்திறங்கிய இடங்களுள் மியூனிக் ரயில் நிலையத்தின் 11ஆம் நடைமேடை பேர்பெற்றது. வந்தவர்கள் வாரம் முழுவதும் ஆலையில் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார்கள் தெரியுமா? மறுபடியும் ரயில் நிலையத்துக்கே போனார்கள்! ஊரிலிருந்து வரும் வண்டியில் தெரிந்த முகம் ஏதேனும் இறங்காதா, ஊர்ச் செய்தித்தாள் கிடைக்காதா, தாய்மொழியில் நாலு வார்த்தை பேச முடியாதா என்பதற்காக. மழைக்கு ஒதுங்க அங்கே கூரையும் இருந்தது. கூட்டமாக நின்று பேசும் அந்நியர்களைக் கண்டு நகரத்தார் முகம் சுளித்தார்கள். அந்த மனிதர்களின் வார இறுதிச் சுற்றுலாவும் குடும்பச் சந்திப்பும் அந்த நடைமேடைதான்.

ஏன் வீட்டுக்கு ஒருவரை ஒருவர் அழைக்கவில்லை? வீடு இருந்தால்தானே. விடுதி அறையில் அடுக்குக் கட்டில். துருக்கியரோடு முதலில் செய்த ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கக்கூடாது. குடும்பத்தை அழைத்து வர இடமில்லை. 1964இல்தான் அந்த இரண்டாண்டு வரம்பை எடுத்தார்கள். பின்னர் 1973 நவம்பரில் ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். இனி ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்று தெரிந்ததும், போய்வந்துகொண்டிருந்தவர்கள் போவதை நிறுத்திவிட்டு மனைவி மக்களை வரவழைத்தார்கள். வெளிநாட்டார் தொகையைக் குறைக்கப் போட்ட தடை குடும்பங்களைக் கூட்டிவைத்தது. கோடை விடுமுறையில் அந்தக் குடும்பங்கள் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரியா, யூகோஸ்லாவியா, பல்கேரியா வழியாக இரண்டு மூன்று நாள் ஓட்டித் துருக்கி போவார்கள். அந்தச் சாலையில் விபத்தில் மாண்டோர் பலர்.

ஸ்விட்சர்லாந்தின் கதை இன்னும் கொடியது. அங்கே ‘பருவத் தொழிலாளர்’ என்று ஒரு வகை அனுமதி இருந்தது. ஆண்டில் ஒன்பது மாதம் வேலை. மீதி மூன்று மாதம் நாட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்து வரக்கூடாது. கட்டடங்களையும் சாலைகளையும் சுரங்க வழிகளையும் கட்டிய இத்தாலியர், பின்னர் ஸ்பானியர், போர்த்துகீசியர், யூகோஸ்லாவியர் எல்லாரும் இதற்கு உட்பட்டவர்களே. பிரிந்திருக்க மாட்டாத சிலர் பிள்ளைகளைத் திருட்டுத்தனமாக அழைத்து வந்து அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். ஜன்னல் பக்கம் போகாதே, ஓடாதே, சத்தமாக அழாதே. பள்ளிக்கூடம் கிடையாது. ‘அலமாரிப் பிள்ளைகள்’ என்று அவர்களைச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மற்ற நாளில் அண்டை வீட்டார் வேலைக்குப் போயிருப்பார்கள். ஞாயிறன்று எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். கட்டடமே நிசப்தமாக இருக்கும். தந்தை பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு நாளில்தான் பிள்ளை மூச்சுக்கூடச் சத்தமாக விடக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த மக்கள் நடமாட்ட ஒப்பந்தம் 2002இல் நடைமுறைக்கு வந்த பிறகே அந்த அனுமதி முறை ஒழிந்தது. 2002 என்பது வரலாற்றுப் பாடத்தில் வரும் பழங்காலம் அன்று. நம் விரிவுரையாளர் சிலர் அப்போது கல்லூரி மாணவர்கள்.

தமிழருக்கும் இதில் பங்குண்டு. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பிப் பல்லாயிரக்கணக்கான தமிழர் ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன் முதலிய நாடுகளுக்குப் போனார்கள். மேற்கு ஜெர்மனியில் 1982 முதல் ஒரு சட்டம்: புகலிடம் கேட்டு விண்ணப்பித்தவர், தம் பெயர் பதிவான அலுவலகத்தின் எல்லையைவிட்டு அனுமதிச்சீட்டு இல்லாமல் வெளியே போகக்கூடாது. மீறினால் அபராதம், மீண்டும் மீறினால் ஓராண்டு வரை சிறை. அண்ணன் ஒரு மாவட்டத்தில், தங்கை அடுத்த மாவட்டத்தில். தங்கை பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் என்றால் மாமன் அலுவலகத்தில் மனுக்கொடுத்து நிற்க வேண்டும். அதிகாரி மறுத்தால் மறுத்ததுதான். 1985 ஜூன் 14ஆம் நாள் லக்சம்பர்க் நாட்டு ஷெங்கன் கிராமத்தருகே மோசல் ஆற்றில் ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டு, எல்லைச் சோதனைகளை அகற்றுவதாகப் பறைசாற்றின. இன்று 29 நாடுகள் அதில் இருக்கின்றன. ஐந்தில் ஒன்றான மேற்கு ஜெர்மனியில், கப்பலில் கையெழுத்தான அன்றும் நம்மவர் மாவட்ட எல்லையைத் தாண்டினால் குற்றவாளிதான். 2015இல்தான் அந்தக் கட்டுப்பாடு பெருமளவு தளர்ந்தது.

ஆகவே அவர்கள் பின்னாளில் கூடத் தொடங்கியபோது ஏன் அவ்வளவு ஆவலோடு கூடினார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. 1995இல் ஜெர்மன் ரயில்வே ஒரு வார இறுதிச் சீட்டு விட்டது: 15 மார்க்குக்கு ஐந்து பேர் வட்டார ரயில்களில் நாடு முழுவதும் போகலாம். ஒருவர் ஒரு சீட்டு என்பது நம் ரயில்வேயின் கணக்கு. ஐந்து பேருக்கு ஒரு சீட்டு என்பதோ குடும்பத்தின் கணக்கு. 2019 வரை அது இருந்தது. ஹாம் நகரில் தொழிற்சாலைகளுக்கு நடுவே 2002இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலின் தேரோட்டம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். பாரிஸ் நகரின் மாணிக்க விநாயகர் கோயில் தேரும், லா ஷாப்பெல் பக்கத்துத் தெருக்களில், கோடைமுடிவின் ஒரு ஞாயிறில்தான். திருமணமும் பூப்புநீராட்டு விழாவும் வாடகை மண்டபங்களில் சனிக்கிழமை. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் பெரும்பாலும் சனிக்கிழமை. நாள், நட்சத்திரம் எல்லாம் விடுமுறைக்கு இணங்கிவிட்டன. சாத்திரம் கெட்டது என்று இங்கே சிலர் சிரிப்பார்கள். உறவு வந்து சேராத முகூர்த்தம் யாருக்கு நல்லது? தேரை இழுக்க ஆள் வரும் நாளே திருநாள்.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் குடும்பம் சேர்ந்து வாழ்வது பற்றி ஓர் ஆணை இயற்றியது. அதில் கணவன் அல்லது மனைவி, வயதுக்கு வராத பிள்ளைகள் ஆகியோரே கட்டாயமாக அனுமதிக்கப்பட வேண்டிய குடும்பம். தாய் தந்தையரை ஏற்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஜெர்மனியில் 2024 மார்ச்சுக்குப் பின் அனுமதி பெற்ற திறன்மிகு பணியாளர் சிலருக்குப் பெற்றோரையும் அழைத்துக்கொள்ள நிபந்தனைகளோடு ஒரு வழி திறந்திருக்கிறார்கள். மற்றவர் பெற்றோர் விருந்தாளியாகப் போய் 180 நாளில் 90 நாள் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். விசாக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, திரும்பி வந்துவிடுவார் என்று அதிகாரி நம்பும்படி நிலமோ வருமானமோ காட்ட வேண்டும். ஓட்டுவீட்டையும் இரண்டு ஆட்டையும் வைத்துக்கொண்டு பெரியம்மா எதைக் காட்டும்? அப்பாயி என்ற உறவு அந்தச் சட்டத்தில் எந்த மூலையிலும் இல்லை. ஆண்டுக்கு நான்கு வாரம் ஊதியத்தோடு விடுப்பு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தரும் உரிமை. பெற்றோர் இறந்தால் ஒன்றிரண்டு நாள் தனி விடுப்பும் கொடுப்பார்கள். பாட்டிக்குக் கொடுப்பது மேலாளரின் மனத்தைப் பொறுத்தது. என் அண்ணனுக்கு அப்பாயிதான் சோறூட்டி வளர்த்தது என்பதை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அண்ணன் போன்றவர்களிடமும் எனக்குக் குறை உண்டு. படம் எடுத்து அனுப்புவது ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறது. படிக்கும் காலத்தில் உணவகத்தில் பாத்திரம் கழுவிய ஞாயிறுகளும் கிடங்கில் பெட்டி தூக்கிய சனிகளும் படமாக வரவில்லை. எல்லாருக்கும் ஓய்வான அந்த நாளில் ரயிலை ஓட்டுபவரும் மருத்துவமனையில் படுக்கை மாற்றுபவரும் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவரும் ஓய்வில்லாமல்தான் இருக்கிறார்கள். அவர்களில் அந்நியர் ஏராளம். அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தால் பந்தலில் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். இன்னொன்று: நான்கு ஆண்டாக அங்கே இருக்கிறார், படங்களில் நம்மவர் முகங்களே இருக்கின்றன. உடன் பணிபுரியும் ஜெர்மானியர் ஒருவர் வீட்டில் ஒரு ஞாயிறு உணவு உண்டதாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் அழைக்கவில்லையா, இவர் போகவில்லையா? நடைமேடையில் தமக்குள்ளேயே நின்று பேசிய அந்தப் பழைய கூட்டத்தைப் போல இருந்துவிடக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊர் சுற்றுவதை வசையாக நினைக்கும் வழக்கம் நமக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா காய்கறி மண்டியில் மூட்டை இறக்குகிறார். அதிகாலை மூன்று மணிக்கு மண்டியில் இருக்க வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. போகாத நாளுக்கு ஒன்றும் இல்லை. அப்பாயி இறந்த அன்றும் மறுநாளும் சேர்த்து இரண்டு நாள் கூலி போயிற்று. மூன்றாம் நாள் மண்டிக்குப் போய்விட்டார். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே கடைச் சிப்பந்திக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு என்றது. மூட்டை தூக்குபவரை எந்தக் கடையின் சிப்பந்தி என்று கணக்கில் எழுதுவார்கள்? எனக்கு இருபது வயதாகிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். காதுகுத்து, கல்யாணம், சாவு, குலதெய்வப் படையல் இவை தவிர வேறு எதற்காகவும் என் அப்பா வேற்றூர் போய் நான் பார்த்ததில்லை. சும்மா ஓர் ஆற்றைப் பார்க்க ஒரு மனிதன் போகலாம் என்பதே எங்கள் வீட்டில் புதுச்செய்தி. அண்ணன் படத்தைப் பார்த்து எரிந்தவர்களில் பெரும்பாலோர் வார விடுமுறை என்ற ஒன்றையே அறியாதவர்கள். அவர்கள் கோபம் பொய்யன்று, முகவரிதான் தப்பு.

நானும் படித்து முடித்ததும் விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். போனால் சனிக்கிழமை ரயில் ஏறுவேன், படமும் அனுப்புவேன். அதற்கு முன் வீட்டில் ஒரு காரியத்தைச் சரிசெய்ய வேண்டும். எங்கள் குலதெய்வப் படையலுக்கு நாள் குறிப்பது எப்போதும் பதினைந்து நாள் முன்புதான். மஞ்சள் வைத்துச் சொல்லியனுப்புவார்கள். பதினைந்து நாளில் ஐரோப்பாவில் இருப்பவன் விடுப்பும் வாங்க முடியாது, கட்டுப்படியாகும் விலையில் சீட்டும் வாங்க முடியாது. மொய் மட்டும் கைப்பேசி வழியே உடனே வந்து சேர்ந்துவிடுகிறது. ஒலிபெருக்கியில் பெயரும் வாசிக்கிறார்கள். ஹாம் நகரத்து அம்மன் ஞாயிற்றுக்கிழமைக்கு இசைந்தது போல நம் சாமியும் இசையாதா? ஆறு மாதம் முன்னதாக, வெளியூரில் இருப்பவர்களின் விடுப்பைக் கேட்டு நாள் குறித்தால் என்ன? மண்டிக்காரர்களும் அதற்கேற்ப மாற்று ஆள் பார்த்துக்கொள்ளலாமே.

சென்ற தை மாதம் இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். யோசனை நல்லதுதான், பங்காளிகளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.